கார்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்: பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் மக்கர் பண்ணினால்

பெங்களூரில் ஒரு எம்ஜிபியையோ, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரையோ, ஜாகுவார் ஈ-டைப்பையோ, ஆல்ஃபா ஸ்பைடரையோ வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நந்தி மலைக்குக் கிளம்பி தேவனஹள்ளி தாண்டுவதற்குள் ஓரங்கட்டி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி நின்றதும் நம் ஊரில் நடப்பது ஒன்றுதான். பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, "சார், கார்பரேட்டர்தான் சார்" என்று திருக ஆரம்பிப்பது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பாகம் கண்ணெதிரே பளபளவென்று இருக்கிறது, திருக ஸ்க்ரூவும் இருக்கிறது, அதனால்தான். ஆனால் போன வாரம் வரை ஒழுங்காக ஓடிய கார்பரேட்டரின் ஸ்க்ரூ தானாகச் சுற்றிக்கொள்ளாது. திருகித் திருகிக் கடைசியில் கார்பரேட்டரும் கெட்டு, முதலில் இருந்த கோளாறும் அப்படியே இருக்கும்.

எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி), பிறகு கரண்ட், பிறகு பெட்ரோல் வரத்து, எல்லாம் சரி என்றால் மட்டும் கார்பரேட்டர். கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இந்த வரிசை மாறாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், காயில், கண்டென்சர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி ஓடிவிட்டால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது, அடுத்த முறை மறுபடி மூன்றுக்கும் காசு.

டிக்கியில் ஒரு மல்டிமீட்டர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், உப்புத்தாள், பழைய பாயிண்ட் செட் ஒன்று, கண்டென்சர் ஒன்று, ரோட்டார் ஒன்று இருக்கட்டும். ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்ட்டை ஏற்றுவது காயில், அதன் கரண்டை விட்டு விட்டுத் துண்டிப்பது பாயிண்ட், பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது ரோட்டார். தீயணைப்பு சிலிண்டர் டிக்கியில் அல்ல, சீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில்.

தொடங்கும் முன் இன்னொன்று. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். 1967 கடைசிவரை வந்த எம்ஜிபியும், 3.8 லிட்டர் ஈ-டைப்பும் பாசிட்டிவ் எர்த் வண்டிகள். நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் ஜம்ப் ஸ்டார்ட் செய்ய வருகிற நல்ல மனசுக்காரர்களைத் தடுத்து நிறுத்துவதே பாதி வைத்தியம்.

சாவியைத் திருப்பினால் 'டக்', அதோடு சரி

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி அல்லது பேட்டரி முனைகள். லைட் மங்கவே இல்லை என்றால் கரண்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான சொலினாய்டைப் பாருங்கள். எம்ஜிபியில் 1970-களின் நடுப்பகுதி வரை சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும், இரண்டையும் இணைக்கும் கேபிள்தான் முதலில் உப்புப் பூக்கும். நல்ல 6 வோல்ட் பேட்டரிக்கு இங்கே அலைய வேண்டும், அதனால் ஒரே 12 வோல்ட்டாக மாற்றிக்கொள்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது, ஆனாலும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டையைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பட்டை ஒன்றுதான் அதற்கு எர்த். அது அறுந்தாலோ பெயிண்டுக்கு மேல் முடுக்கப்பட்டிருந்தாலோ அவ்வளவு கரண்டும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் விடை கிடைத்துவிட்டது. மீட்டரில் பார்ப்பதானால் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் உலோகம் தெரியத் தேய்த்துப் பூட்டுங்கள். பாடி ஷாப்பில் புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த வண்டிகளில் இது சர்வசாதாரணம். லோட்டஸ் எலான் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஃபைபர் பாடியில் கரண்ட் போகாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது

அதிகம் ஏமாற்றுகிற கோளாறு இதுதான். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறியிருக்கும், அங்கே எல்லாம் சரியாக இருக்கும், மெக்கானிக் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் நின்ற இடத்திலேயே, ஆறுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். ஹெப்பாள் ஃப்ளைஓவரில் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்கள், வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு இதைச் செய்யுங்கள்.

முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. பைசா செலவில்லாத வைத்தியம் என்பதால் முதலில்.

அது இல்லையென்றால், காயிலிலிருந்து வரும் தடிமனான ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, பிளாக்கிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி, ரப்பர் கையுறையோடு பிடித்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான். 'டிக் டிக்' என்று நீலமாகத் தாவினால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் நிரபராதிகள். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் அல்லது வரவே இல்லையென்றால் முதல் குற்றவாளி கண்டென்சர். சூட்டில் படுத்து, ஆறினதும் எழுந்துகொள்வது அதன் சுபாவம். புதிதாக வாங்கியதுதானே என்று விட்டுவிடாதீர்கள், இப்போது மலிவாக வரும் கண்டென்சர்களில் புதிதிலேயே கெட்டவை நிறைய. ரோட்டோரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்க முடியாவிட்டால், உள்ளே இருப்பதன் ஒயரைத் துண்டித்துவிட்டு, கையிலிருக்கும் கண்டென்சரின் ஒயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் மாட்டி, அதன் உடலைக் காயில் கிளாம்ப் போல்ட்டில் எர்த் ஆகும்படி முடுக்கினால் போதும், வீடு வந்து சேரலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் சூட்டிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அடுத்தது காயில். ஆறிய நிலையில் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் 3 ஓம் பக்கம் காட்டினால் அது நேரடி 12 வோல்ட் காயில், ஒன்றரை ஓம் பக்கம் காட்டினால் வோல்டேஜைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய காயில். இரண்டாவது வகையை நேரடியாக 12 வோல்ட்டில் மாட்டிவிட்டால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அரை மணி நேரத்தில் நிற்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல.

காயில் ஒயரில் நீலமாக ஸ்பார்க் வருகிறது, பிளக்கில் மட்டும் வரவில்லை என்றால் ரோட்டார். மூடியைக் கழற்றி, அந்தத் தடிமனான ஒயர் முனையை ரோட்டாரின் நடுப் பித்தளைக்கு 3 மில்லிமீட்டர் மேலே பிடித்து செல்ஃப் அடியுங்கள். அங்கே ஸ்பார்க் தாவினால் கரண்ட் ரோட்டாரின் உடம்பு வழியாக ஷாஃப்டுக்கு இறங்குகிறது, தூக்கி எறியுங்கள். ரிவெட் அடித்த மறுதயாரிப்பு ரோட்டார்களில் இந்த வியாதி பிரபலம், ரிவெட் இல்லாமல் வரும் சிவப்பு ரோட்டார் வாங்குங்கள்.

கரண்ட் பக்கம் எல்லாம் சரி என்றால் பெட்ரோலுக்கு வரலாம். எம்ஜிபி மாதிரி எஸ்யூ கம்பெனியின் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் காதுதான் மீட்டர். சாவியைப் போட்டதும் கொஞ்ச நேரம் டிக்டிக்கென்று அடித்து அடங்க வேண்டும். அடங்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் பம்பின் உள்ளே பாயிண்ட் ஒட்டியிருக்கிறது. ஸ்பேனர் பிடியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் உயிர் வரும். உலகம் பூராவும் எம்ஜிபிக்காரர்கள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தட்டித் தட்டி ஓட்டுவதை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டாமல் பாயிண்டைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் தாண்டிய பிறகுதான் எல்லோரும் முதலில் சொல்லும் வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது. உண்மையிலேயே நடக்கும், குறிப்பாக ஏப்ரலில் சில்க் போர்டு ஜங்ஷனில் நகராமல் நிற்கும்போது. எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலேயே கார்பரேட்டர் உட்கார்ந்திருப்பதால் பெட்ரோல் கொதிக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய தகர ஹீட் ஷீல்டும் தடிமனான ஸ்பேசரும் இருக்கிறதா பாருங்கள், பழைய மெக்கானிக் யாரோ கழற்றிப் போட்டிருப்பார். காபி குடிக்க நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து வந்தால் கிளம்பவில்லை என்றால் அது பெட்ரோல் இல்லாததால் அல்ல, கொதித்து வழிந்து மேனிஃபோல்டில் பெட்ரோல் அதிகமாகிவிட்டதால். சோக் இழுக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள்.

ஐடிலிங் அருமை, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சாகிறது

எல்லோரும் கார்பரேட்டரைக் கழற்றும் இடம் இது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் சின்ன ஒயர் இருக்கிறதே, ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளும் வேக்யூம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் தட்டு நகர்ந்து அந்த ஒயர் மடங்கி மடங்கி, மேலுறைக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். ஐடிலிங்கில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், மிதித்தால் பிரியும். மூடியைக் கழற்றி ஒயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் செத்துவிட்டது. தட்டின் எர்த் ஒயரையும் அப்படியே பாருங்கள். பாயிண்ட் இடைவெளி லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

ஒயர் சரி, இடைவெளியும் சரி என்றால் எஸ்யூ கார்பரேட்டரின் மேல் மூடியைத் திருகி எடுத்து உள்ளே எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் மிதித்தவுடன் ஒரு கணம் மூச்சு முட்டும். 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில் கொஞ்சம் விட்டால் சரி.

அதற்குப் பிறகும் இழுவை இல்லையென்றால், சரி, இப்போது மிக்சரை, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பாருங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சென்னையில் டியூன் செய்த வண்டி இங்கே வந்தால் பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாகப் போகும். ஆனால் இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது மிக்சரை எதிர்ப்பக்கம், அதாவது பெட்ரோல் குறைந்த மெலிவுப் பக்கம் தள்ளும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே இங்கிலாந்தில் அச்சடித்த மேனுவலில் உள்ள அளவைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தூக்கு ஊசியைத் தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி ஏறியே நின்றால் மிக்சர் கெட்டி (பெட்ரோல் அதிகம்), உடனே தடுமாறி இறங்கினால் மெலிவு, லேசாக ஏறிப் பழையபடி வந்தால் சரி. ஜெட் நட்டை ஒரு முறைக்கு நட்டின் ஒரு முகம் அளவு மட்டும் திருப்புங்கள், மேலே ஏற்றினால் மெலியும், கீழே இறக்கினால் கெட்டியாகும்.

சிக்னலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறுகிறதா? ஸ்பிட்ஃபயர், டிஆர்6 போன்ற வண்டிகளில் இரண்டு முள்ளுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஒரே ஸ்டெபிலைசர்தான். அது எர்த் விட்டால் இரண்டும் சேர்ந்து ஏறும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரேடியேட்டருக்குக் காசு செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்.

நிஜமாகவே சூடு என்றால் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், அழுத்தம் பிடிக்கிற மூடிதான் அதை மேலே கொண்டுபோகிறது. அந்த ரப்பர் போனால் மற்ற எல்லாம் வீண். அப்புறம் டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம். பின்தங்கிய டைமிங்கில் எந்த எஞ்சினும் சூடாகும். எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மவர்களின் செல்ல வைத்தியம், செய்யாதீர்கள். ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினில் தெர்மோஸ்டாட்டின் கீழே இருக்கும் உறை, சூடானதும் பைபாஸ் வழியை மூட வேண்டும். அதைக் கழற்றினாலோ உறை இல்லாத தெர்மோஸ்டாட்டைப் போட்டாலோ சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குள் போகாமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும், சூடு கூடத்தான் செய்யும். முதல் ஈ-டைப்புகளில் காற்று உள்ளே போகும் வாய் சின்னது, 1968-இல் வந்த சீரிஸ் 2-வில்தான் வாயைப் பெரிதாக்கி இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் வைத்தார்கள். அழகுக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஃபேனை இயக்கும் ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பாருங்கள், ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச் மட்டும்தான் போயிருக்கிறது.

போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து தண்ணீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள், சேறு வரும். இனிமேல் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும்.

ராத்திரி மங்கல், காலையில் பேட்டரி காலி

டைனமோ வண்டி என்றால் இது கோளாறே அல்ல, வடிவமைப்பு. எம்ஜிபியின் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. அவுட்டர் ரிங் ரோட்டில் ஐடிலிங்கில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் வராது. ஹெட்லைட்டும், பிற்பாடு மாட்டிய எலக்ட்ரிக் ஃபேனும் பேட்டரியைத் தின்னும். இந்த ஊரில் ராத்திரி ஓட்டுவதானால் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடுங்கள், ஒரிஜினல் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பகலில் ஓட்டட்டும்.

வண்டி எடுக்கும்போதெல்லாம் பேட்டரி காலி என்றால் காரணம் பெரும்பாலும் நிறுத்தி வைத்திருப்பதுதான். 2021-இல் வந்த விதித் திருத்தப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விஏ எண்ணோடு விண்டேஜாகப் பதிவு செய்யலாம், ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது. ஆகவே வண்டி ஷெட்டிலேயே கிடக்கிறது, கிடப்பதால் பாயிண்ட் பூக்கிறது, சீல் காய்கிறது, பெட்ரோல் நாறுகிறது. ஒரு டிரிக்கிள் சார்ஜரும், பேட்டரி கட்ஆஃப் ஸ்விட்சும் வாங்கி மாட்டுங்கள்.

பெட்ரோல் வாடை

இதற்கு மட்டும் வரிசையெல்லாம் கிடையாது. ஓட்டாதீர்கள். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை மெத்தென்று ஆக்கிப் பிளக்கும், டேங்கில் பல வருஷமாகப் படிந்ததைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், ஈரத்தை இழுத்து அடியில் தேக்கும். எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் கேட்கும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று ஹோஸின் மேலேயே அச்சடித்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது விடமாட்டேன் என்கிறது

வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைப் போக விட்டு, திரும்பி வர விடாது. பிடித்துக்கொண்ட சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ப்ளீட் நிப்பிளைத் திறங்கள். கொஞ்சம் பீய்ச்சிச் சக்கரம் சுற்றினால் ஹோஸ், அப்போதும் சுற்றாவிட்டால் பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் பிஸ்டன். ஈ-டைப்பின் பின் டிஸ்க்குகள் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. சூடு வெளியேற வழியில்லாமல் சீல் வெந்து எண்ணெய் டிஸ்க்கில் கசியும். அதற்கு ஒரு முழு நாளும் பொறுமையான மெக்கானிக்கும் வேண்டும்.

ஸ்பிட்ஃபயர் ஸ்டியரிங் கனக்கிறது

இதை அலட்சியப்படுத்தினால் சக்கரம் மடிந்து விழும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பு, கீழே ட்ரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் மரையோடு இறங்கியிருக்கும். அங்கே விட வேண்டியது இபி90 கியர் ஆயில், கிரீஸ் அல்ல. நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைத் தூக்கும் பையன்களைத் தடுங்கள். கிரீஸ் கெட்டியாகி, உள்ளே ஈரம் தேங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் இரும்பு ஒடியும். கீழே லேசாக எண்ணெய் கசிந்தால் சந்தோஷப்படுங்கள். இதே அமைப்புதான் 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும், ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்த வண்டிதானே. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் ஹெரால்டு பார்த்த வயசான தமிழ் மெக்கானிக் யாராவது கிடைத்தால் விடாதீர்கள், அண்ணே என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுங்கள். எம்ஜிபிக்காரர்களுக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம், அம்பாசடரில் கை பழகியவருக்கு அந்த எஞ்சின் புதிதல்ல.

ஆயில்

ஆயில் விஷயத்தில் கோளாறு என்று நினைத்துக் கோளாறை உண்டாக்குவதுதான் அதிகம். எம்ஜிபி கியர்பாக்ஸில், வேகத்தில் எஞ்சினை நிதானமாகச் சுற்ற வைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எஞ்சின் ஆயில்தான். கியர் ஆயில் ஊற்றிவிட்டு ஓவர்டிரைவ் விழவில்லை என்று பிரிக்கக் கூடாது. ஏர்-கூல்டு போர்ஷே 911-இல் ஆயில் அளவை எஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில் ஐடிலிங்கில் ஓடும்போது பார்க்க வேண்டும். காலையில் ஆறிய வண்டியில் குச்சியைப் பார்த்துவிட்டு ஊற்றினால், அதிகமானது ஏர் ஃபில்டர் வழியாகப் புகையாக வரும். பழைய ஆல்ஃபாவில் காலையில் இரண்டாவது கியர் கரகரத்தால், கியர்பாக்ஸ் சூடாகும்வரை நிதானமாகப் போடுங்கள், அவசரப்பட்டு கியர்பாக்ஸைக் கழற்றி இறக்க வேண்டாம்.

தரையில் நாலு சொட்டு விழுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அடியில் ஒரு அட்டையைப் போட்டுவிடுங்கள். பிரஷர் முள்ளை மட்டும் பாருங்கள். எம்ஜிபியில் ஓடும்போது 50-க்கு மேலும், சூடான ஐடிலிங்கில் 10 முதல் 25 பிஎஸ்ஐ வரையும் சரிதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று விழுந்தால், அடுத்த சிக்னல் வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் அங்கேயே எஞ்சினை நிறுத்தி ஃப்ளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.